இருபத்திரண்டு மீட்டர்

ஏப்ரல் 27, ஞாயிறு

9:41.6.

இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். ஒன்பது நிமிடம், நாற்பத்தொன்று புள்ளி ஆறு விநாடி. ஆசியப் போட்டியில் மூவாயிரம் மீட்டர் தடை ஓட்டத்துக்கு வைத்திருக்கும் தகுதி நேரம் 9:45. என் பழைய சிறந்த நேரம் 9:44.1. அது ஐந்து வருடத்துக்கு முன்பு, வதனி பிறப்பதற்கு முன்பு, ஜகார்த்தாவில் வெண்கலம் வாங்கிய அன்று ஓடியது. முப்பத்திரண்டு வயதில், ஒரு பிள்ளை பெற்ற பிறகு, இந்த வெயிலில் அதைவிட வேகமாக ஓடியிருக்கிறேன்.

இந்த நோட்டின் முன்பக்கம் என் பயிற்சியாளர் பவுல்ராஜ் சாருக்காக எழுதும் பயிற்சிக் கணக்கு. பின்பக்கம் எனக்கு. சார் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டார். பார்த்தால் அவருடைய விசிலைப் பற்றி எழுதியதற்குத் திட்டுவார்.

ஜெனிலா இரண்டாவது, 9:43.0. குளச்சல் பக்கத்துப் பிள்ளை, போலீஸ் அணி, இருபத்து நாலு வயது. கடைசிச் சுற்றில் நீர்க்குழியில் என்னோடு சேர்ந்து குதித்தாள். அவள் மூச்சு என் காதில் கேட்டது. முடிந்ததும் கட்டிப்பிடித்து, "யக்கா, வயசானவிய மாரியா ஓடுனிய?" என்றாள். இந்தத் தடவை எங்கள் ஓட்டத்துக்கு ஒரே ஒருத்தியைத்தான் அனுப்புகிறார்கள். அவள் மார்ச்சில் 9:44.3 ஓடி வைத்திருந்தாள். இன்று காலை வரை அவள்தான் போவதாக இருந்தது.

தொடக்க அடிகளின் எண்ணிக்கை 125. வழக்கமாக 138 வரும். எங்கோ விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 28

ஸ்பைக்ஸ் பையை மைதானத்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். காலையில் போய் எடுத்து வந்தேன். காவலாளி நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். பதினொன்றரைக்கு ரயில். பக்கத்து இருக்கைக்காரர் மதுரை வரும்வரை முறுக்கு தின்றார்.

ஏப்ரல் 30

ரயில்வே அலுவலகத்தில் பாராட்டு. டிக்கெட் கவுன்டரை அரை மணி நேரம் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு மாலையோடு நின்றேன். பெரிய அதிகாரி பேசும்போது, நூறு மீட்டரில் பத்துத் தடை தாண்டும் ஓட்டத்தையும் என்னுடையதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார். பத்து வருடமாக இதே கதைதான். மூவாயிரம் மீட்டர், இருபத்தெட்டுத் தடை, ஏழு தடவை தண்ணீருக்குள் குதிக்க வேண்டும், தடையில் இடித்தால் தடை விழாது, நாம்தான் விழுவோம் என்று விளக்கினேன். "அப்ப இது குதிரை ஓடுறதுல்ல?" என்றார் பார்சல் பிரிவு சண்முகையா. கேக் நன்றாக இருந்தது.

வதனிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

மே 2, வெள்ளி

பட்டியல் வந்துவிட்டது. பேச்சித்தாய், மதுரை. ஒரே பெயர்.

பவுல்ராஜ் சார் நேரில் வந்தே சொன்னார். அவர் கண் கலங்கி நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு முதல் நாள் நான் ஒரு சுற்றுக்கே மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, "பேச்சி, இனிமே நடந்தாப் போதும்மா" என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவர் மட்டும் அடுத்த நாள் ஐந்தரைக்கு வரச் சொன்னார். அந்த மனிதருக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "சார், ஸ்டார்ட் கோடு எல்லாக் கிரவுண்டுலயும் ஒரே இடத்துலயா இருக்கும்?"

"ஏம்மா, இத்தன வருசம் ஓடிட்டு இதக் கேக்குற? தண்ணிக் குழிக்குத் திரும்புற வளைவு கிரவுண்டுக்குக் கிரவுண்டு மாறும்ல? ஒரு சுத்து முன்னூத்துத் தொண்ணூத்தாறும் இருக்கும், தொண்ணூறும் இருக்கும். ஏழு சுத்து போக மிச்சம் எவ்வளவோ, அந்த அளவு தள்ளிக் கோடு போடுவாய்ங்க."

அதேதான். மைதானத்துக்கு மைதானம் கோடு மாறும், அதனால் எண்ணிக்கையும் மாறும். இதற்குப் போய் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மே 4

இருபது நிமிடத் தொடர் ஓட்டம். தடை இல்லை. மாவு அரைத்தேன்.

மே 6, செவ்வாய்

ஜெனிலா போன் செய்தாள். வாழ்த்துச் சொன்னாள். வெயில், சாப்பாடு, வதனி எல்லாம் விசாரித்தாள். பிறகு, "யக்கா, அந்தக் கிரவுண்டு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?" என்று கேட்டாள்.

"நல்ல கிரவுண்டுதான். புதுத் தரை, கால நல்லா எத்தி விடுது" என்றேன்.

"அதில்ல. வேற ஒண்ணும் தோணலியா?"

அதற்குள் சிக்னல் சரியில்லாமல் போய்விட்டது. திரும்பக் கூப்பிடலாம் என்று இருந்தேன். குக்கர் விசில், வதனியின் குளியல், ஒன்றன்மேல் ஒன்றாக வேலை.

மே 7

இந்த எண்ணுகிற பழக்கத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன், மனதிலிருந்து இறங்கினாலும் இறங்கும். எங்கள் ஓட்டத்தில் துப்பாக்கி வெடித்ததிலிருந்து முடிவுக் கோட்டை முதல் தடவை கடக்கும் வரை தடை கிடையாது. அந்த நேரத்தில்தான் என் நினைப்பு எங்கெங்கோ போகும். அதனால் அடிகளை எண்ணுவேன். முதல் தேசியப் போட்டியிலிருந்து உள்ள பழக்கம். நீர்க்குழி உள்பக்கம் இருக்கும் மைதானம் என்றால் 136, 138, 140, அவ்வளவுதான். நான் ஒன்றும் பள்ளிப் பிள்ளை இல்லை, எண்ணத் தெரியும்.

இறங்கவில்லை.

மே 9

உடை அளவு கேட்டு வந்த தாளை நிரப்பினேன். பாஸ்போர்ட் அடுத்த மார்ச் வரை இருக்கிறது. என் வீட்டுக்காரர் திரவியத்துக்குப் பகல் முழுக்க மின்கம்பத்தில்தான் வேலை. இந்த வெயிலில் ஊரில் பாதி டிரான்ஸ்பார்மர் வெடிக்கிறது. களைத்து வந்தும் சோறு உண்ணும்போது என் முகத்தையே பார்த்தார்.

"என்னட்டி, டீம்ல பேரு வந்தும் மூஞ்சி இப்படி இருக்கு?"

"கால் வலி."

"எந்தக் கால்?"

யோசித்து இடது கால் என்றேன். அவர் தைலம் எடுத்து வந்து இடது காலில் அரை மணி நேரம் தேய்த்தார். வலிக்காத காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்று தெரிந்தது.

மே 11, ஞாயிறு

நீர்க்குழிப் பயிற்சி. நாலாவது தாண்டலில் தடையின் மேல் கால் சரியாகப் பதியாமல் தண்ணீரில் முகம் குப்புற விழுந்தேன். முழங்கால் உரிந்துவிட்டது. பதினாலு வருடத்தில் பயிற்சியில் நான் இப்படி விழுந்ததில்லை. சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் துண்டை நீட்டினார். அவர் திட்டாவிட்டால்தான் எனக்குப் பயம்.

மே 14, புதன்

சாரிடம் சொன்னேன்.

பயிற்சி முடிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, "சார், அன்னைக்கு நாங்க ஓடுனது மூவாயிரம் இல்ல" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். அடி குறைந்தது என்றேன். அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"எவ்வளவு கம்மி?"

"இருபத்திரண்டு மீட்டர்."

அடியை எண்ணி இருபத்திரண்டு என்று இத்தனை சரியாக ஒருத்தி சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. விரலால் காற்றில் ஏதோ கணக்குப் போட்டார். இருபத்திரண்டு மீட்டருக்கு நாலேகால் விநாடி. கூட்டினால் 9:45.9, தகுதி நேரத்துக்கு வெளியே. இதை நான் முன்பே நூறு தடவை போட்டுவிட்டேன்.

"பேச்சி, அந்தக் கோட்ட நீயா ஒட்டுன?"

"இல்ல சார்."

"ஓடச் சொன்னாய்ங்க, ஓடுன. மொத ஆளா வந்த. அம்புட்டுத்தான். அளக்குறது அவிய்ங்க வேலை. நாளான்னைக்கு அஞ்சு மணியோட என்ட்ரி முடியுது. அதுக்கப்புறம் தானா அமுங்கிரும். இப்பப் போயி வாயக் குடுத்தேன்னா உன்னையும் சேத்துக் கேள்வி கேப்பாய்ங்க."

"ஜெனிலா போக வேண்டியது சார்."

"அந்தப் புள்ளைக்கு இருபத்து நாலு வயசும்மா. இன்னும் மூணு ஆசியா ஓடும். ஒனக்கு?"

எனக்கு இதுதான் கடைசி. அவருக்கும் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. எனக்காகக் கெட்டவராகிறார், அதுதான் தாங்க முடியவில்லை.

மே 15

கவுன்டரில் கூட்டம். கோடை விடுமுறை. யாரையும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை, அது வசதியாக இருந்தது.

மே 16, வெள்ளி

விடுப்பு எடுத்தேன். வீட்டைக் கழுவினேன். திரவியத்தின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன், வதனியின் சட்டைகளுக்கும், போடத் தேவையில்லாத துண்டுகளுக்கும். தடகளச் சம்மேளனத்தின் எண்ணைப் போனில் எடுத்து வைத்திருந்தேன். மூன்று மணிக்கு ஒரு தடவை, நாலேகாலுக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன்.

ஐந்து மணி ஆகிவிட்டது. நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

மே 18, ஞாயிறு

காலைப் பயிற்சி முடிந்து வெளியே வந்தால் ஸ்டேடியம் வாசலில் ஜெனிலா நிற்கிறாள். நாகர்கோவிலிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். வீட்டுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. பக்கத்து ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். சாத்துக்குடி சொன்னேன். அவள் குடிக்கவில்லை.

"யக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எத்தன மீட்டர் கொறஞ்சுது?"

எது என்று நான் கேட்டேன். இந்த வயதில் ஒரு சின்னப் பிள்ளையிடம் எது என்று கேட்டேன்.

"மறுநாள் காலைல நீங்க அளவுச் சக்கரத்தத் தள்ளிட்டு நடந்தத நான் ஹாஸ்டல் மாடில நின்னு பாத்தேன். ரெண்டு வட்டம் சுத்துனிய. தண்ணிக் குழிக்குள்ள இறங்கி ஏறுனிய. அப்பறம் ஸ்டார்ட்ல குனிஞ்சு டேப்பு ஒட்டுன எடத்தத் தொட்டுப் பாத்திய. எனக்கு ஓடும்போதே ஒரு மாரி இருந்துது. கால் செத்துப் போயி ஓடுனேன், பாத்தா என்னோட பெஸ்டு டைமு. அதெப்படின்னு நெனச்சேன். நீங்க அளக்கதப் பாத்ததும் சமாதானமாயிட்டு. சரி, அக்கா சொல்லுவாவன்னு இருந்தேன்."

"நீயே சொல்லியிருக்கலாமே ஜெனி."

"நான் சொன்னா, தோத்தவ பொறாமைல சொல்லுதாம்பாவ. அளந்தது நீங்க. ஜெயிச்சதும் நீங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

"அப்ப ஏன் இன்னைக்கு வந்த? என்ட்ரி முடிஞ்சு போச்சே."

"அதான் வந்தேன். இனிமே கேட்டா எனக்கு ஒண்ணும் கெடைக்காது. அதனால இப்பக் கேக்கலாம்."

இருபத்திரண்டு என்றேன். தலையை ஆட்டினாள். ஜூஸை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிட வண்டியை எடுத்தேன். வேண்டாம் என்று நடந்தே போனாள்.

வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மே 19

ஏப்ரல் 28 அன்று எழுதியது பொய். ஸ்பைக்ஸ் பையை நான் மறக்கவில்லை, அது முதல் நாளே என்னோடுதான் வந்தது. காவலாளியிடம் அளவுச் சக்கரம் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா ஒரு சந்தேகம் என்றேன். நீர்க்குழி வழியாக ஒரு சுற்று 396 மீட்டர். இரண்டு தடவை அளந்தேன், இரண்டும் அதேதான். ஏழு சுற்றுக்கு 2772. மிச்சம் 228 இருக்க வேண்டும். ஓரக் கட்டையில் டேப் ஒட்டிய பசை இருந்த இடத்திலிருந்து முடிவுக் கோடு வரை 206. புதுத் தரை போட்ட பிறகு எங்கள் ஓட்டத்துக்குத் தொடக்கக் கோடு வரையவே இல்லை. அன்று காலை யாரோ அவசரத்தில் வேறொரு மைதானத்தின் கணக்கை வைத்து டேப் ஒட்டியிருக்கிறார்கள். போட்டோகூட எடுத்தேன். அதற்குப் பிறகு சக்கரத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டு, அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ரயில் ஏறினேன்.

என் சொந்த நோட்டிலேயே பொய் எழுதியிருக்கிறேன். யாருக்குப் பயந்து எழுதினேன் என்று தெரியவில்லை.

காலையில் சம்மேளனத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டேன், போட்டோவையும் சேர்த்து. ஜெனிலாவை அனுப்புங்கள் என்று கடைசியில் எழுதினேன். சாரிடம் சொன்னபோது அவர் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திரவியத்திடமும் சொன்னேன். "அப்ப அன்னைக்குக் கால் வலிக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

மே 22, வியாழன்

ஆள் அனுப்பி அளந்தார்களாம். 21.8 மீட்டர் குறைவு. போட்டி வீடியோவையும் பார்த்தார்களாம். அந்த ஓட்டத்தின் முடிவுகள் எல்லாம் ரத்து.

சம்மேளனத்திலிருந்து பேசிய அம்மா மரியாதையாகத்தான் பேசினார். என் பெயரை எடுத்தாயிற்று என்றார். எனக்குப் பதில் ஜெனிலா என்று நான் தொடங்குவதற்குள், "அது முடியாதும்மா. பதினாறாம் தேதி அஞ்சு மணியோட லிஸ்ட் மூடியாச்சு. எடுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது. எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம். நீங்க ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா ஒரு போன்ல முடிஞ்சிருக்கும்" என்றார்.

ஆக, யாரும் போகவில்லை.

மே 24

அலுவலகத்தில் சிலர் கை கொடுத்தார்கள். நேர்மை, மனசாட்சி என்று பெரிய வார்த்தைகள். ஒரு பத்திரிகை நிருபர் போன் செய்து, வந்த பெருமையை விட்டுக்கொடுத்த வீராங்கனை என்று போடலாமா என்று கேட்டார். போட வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். தேதியைச் சரியாகக் கேட்டிருந்தால் அவருக்கே விளங்கியிருக்கும்.

மே 29

தனியாக ஓடினேன். சார் வரவில்லை.

ஜூன் 2

சார் வந்தார். கம்பி வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "இடது தோள எறக்கு" என்றார். இறக்கினேன்.

ஜூன் 4, புதன்

ஆசியப் போட்டியில் இன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பெண்கள் ஓட்டம். எங்களுடையது. அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையைத் தள்ளிப் போட்டு, பார்சல் அறையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். பதினோரு பேர் ஓடினார்கள். நல்ல காற்று போலிருக்கிறது, யாரும் முன்னால் போகத் துணியவில்லை. முதல் ஆயிரம் மீட்டரை நம் ஊர் மாநிலப் போட்டியைவிட மெதுவாக ஓடினார்கள். ஜெனிலாவுக்கென்றே வைத்தது போன்ற ஓட்டம். மெதுவாகப் போய்க் கடைசி இரண்டு சுற்றில் அடிப்பதில் அவளை மிஞ்ச இங்கே ஆள் இல்லை.

மூன்றாவது வந்தவள் 9:46.8.

ஜெனிலா மார்ச்சில், சரியாக அளந்த மைதானத்தில், 9:44.3.

போனை மேசையில் வைத்தேன். அவளைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவளே கூப்பிட்டாள்.

"யக்கா, பாத்தியளா?"

"பாத்தேன் ஜெனி."

"நாப்பத்தாறு எட்டு."

"ஆமா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். பின்னால் யாரோ ஒரு பெண்மணி, அவள் அம்மாவாக இருக்கலாம், சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெனிலா வாரேன் என்று அவருக்குக் குரல் கொடுத்துவிட்டு மறுபடி என்னிடம் வந்தாள்.

"நீங்க அன்னைக்கு அளந்து முடிச்சதும் மேல பாத்திய. நான் கை காட்டுனேன். நீங்க பாக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். பாத்தியளாக்கா?"

இருபத்தொரு நாள் எழுதாமல் விட்டதையும், பத்தொன்பதாம் தேதி எல்லாம் எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு அப்போதும் எழுதாமல் விட்டதையும் அவள் கேட்டுவிட்டாள்.

"பாத்தேன்" என்றேன்.

"சரிக்கா" என்று போனை வைத்துவிட்டாள்.